‘இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை’

நோய்த் தணிப்புச் சிகிச்சைக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருப்பதால், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் எனக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் பரவியிருக்கும். அல்லது இதயம் பலவீனமாகி நாலு படி ஏற முடியாமல் போயிருக்கும். அல்லது மறதிநோய் முற்றி, வாயில் வைத்த உணவை விழுங்கவே மறந்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழுவை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லட்டுமா?" என்பேன். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "இல்லை, இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை."

எந்தக் கட்டம் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. அவர்கள் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். டாக்டர்கள் கையை விரித்த பிறகு, வேறு வழியே இல்லாமல் போய்ச் சேரும் இடம் அது என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பால் தள்ளிப்போவது எங்கள் வருகை மட்டும் அல்ல; வலி குறையும் நாளும் தள்ளிப்போகிறது. நாங்கள் கடைசியில் போய்ச் சேரும்போது, நோயாளி பல வாரங்களாகத் தூங்காமல் இருப்பார். பார்த்துக்கொள்பவரும்தான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நோய்த் தணிப்புச் சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், கடுமையான நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே தொடங்கக்கூடியது. கீமோதெரபி ஒருபக்கம் நடக்கும், டயாலிசிஸ் நடக்கும், அறுவைச் சிகிச்சைகூட நடக்கும். கூடவே வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, மனக்கலக்கம், வீட்டாரின் திண்டாட்டம் ஆகியவற்றைக் கவனிக்க இன்னொரு குழு இருக்கும். ஹாஸ்பிஸ் என்பது இதன் ஒரு பகுதி. நோயை எதிர்க்கும் சிகிச்சையால் இனிப் பலனைவிடத் துன்பமே அதிகம் என்று முடிவான பிறகு, எஞ்சியிருக்கும் மாதங்களிலோ வாரங்களிலோ முழுக் கவனத்தையும் நோயாளியின் நிம்மதியில் வைப்பது.

அமெரிக்காவில் 1982-ல் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் ஹாஸ்பிஸ் கொண்டுவரப்பட்டபோது, நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் முடிவு வரக்கூடும் என்று மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும் என ஒரு கோடு போட்டார்கள். ஆறு மாதம் தாண்டியும் உயிரோடு இருந்தால் வெளியே அனுப்பிவிடுவதில்லை. மறுபடி சான்றளித்து நீட்டிப்பார்கள். எல்லா நாடுகளிலும் இப்படி ஒரு கோடு கிடையாது. ஹாஸ்பிஸ் என்றதும் ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த ஒரு கட்டடம் பலர் கண்முன் வருகிறது. அப்படியும் உண்டு. ஆனால் நோயாளியின் வீட்டுக்கே செவிலியரும் மருத்துவரும் வந்துபோகும் சேவையாகத்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. சேர்ந்த பிறகு மனம் மாறினால் விலகி மீண்டும் சிகிச்சைக்குப் போகவும் தடையில்லை. ஒருவழிப் பாதை அல்ல அது.

"இதில் சேர்ந்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்ற பயத்துக்கு 2010-ல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. பாஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சை. இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றார்கள். அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இதை வைத்து ஆயுள் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஆயுள் கூடிவிடவில்லை. ஆனால் ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

இந்தத் துறையை இன்றைய வடிவத்தில் நிறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செவிலியராகப் பயின்றார். முதுகுவலி அந்த வேலையைத் தொடரவிடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். 1948-ல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, புற்றுநோயில் இறக்கும்போது, சிசிலி என்றாவது கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார். கட்டடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஜன்னலுக்குப் பணம் வந்துவிட்டது. சாகப்போகிறவர்களைக் கைவிடுவது டாக்டர்கள்தான், ஆகவே நீ டாக்டராகித்தான் இவர்களுக்கு உதவ வேண்டும் என்று ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர் சொல்ல, முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படிக்கப் போனார். 1967-ல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்ட பால்ஃபோர் மவுண்ட் என்ற மருத்துவர், 1970-களின் நடுவில் மான்ட்ரியல் நகரில் ஒரு பொது மருத்துவமனைக்குள்ளேயே இப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி வேறு திசையில் போனது. அங்கே அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுவீடாகப் போனார்கள். என்னைப் போன்ற ஆட்களுக்கு இதில் ஓர் இடம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான்.

சாண்டர்ஸ் விட்டுப்போனவற்றில் கட்டடத்தைவிடப் பெரியது, ‘முழுமையான வலி’ என்ற கருத்து. உடம்பு வலிக்கிறது, அதோடு பயம் வலிக்கிறது, கடன் வலிக்கிறது, பேசாமல் போன தம்பி வலிக்கிறார், ‘எனக்கு ஏன்’ என்ற கேள்வி வலிக்கிறது. இவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் மருந்தின் அளவுதான் ஏறும், வலி இறங்காது. படிக்கும்போது இது அழகான தத்துவம் போலத் தெரியும். இதை நான் வேலையாகப் பார்த்தது என் பெரியப்பா வீட்டில்.

பெரியப்பாவுக்கு நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய். புற்றுநோய் இல்லை என்பதால் தணிப்புச் சிகிச்சை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. (உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இந்தச் சிகிச்சை தேவைப்படும் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் புற்றுநோயாளி. இதயம், நுரையீரல், சிறுநீரகம், நரம்பு, மறதி என்று மற்றவை எல்லாம் சேர்ந்ததுதான் பெரிய கூட்டம்.) அவரைக் கவனித்துவந்த மருத்துவமனையில் ஒருநாள், நடைபாதையில் நின்றுகொண்டே, "இனி நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எதை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று பெரியம்மா கேட்டார். அதற்குள் மருத்துவர் அடுத்த அறைக்குள் போய்விட்டார். ‘ஒன்றுமில்லை’ என்பதைப்போல ஒரு பொய்யை மருத்துவத்தில் நான் கேட்டதில்லை. நோயைக் குணப்படுத்த ஒன்றுமில்லை; நோயாளிக்குச் செய்ய எவ்வளவோ இருந்தது.

தணிப்புச் சிகிச்சைக் குழு வந்தபோது, பெரியப்பா இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார் என்று பெரியம்மா சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். செவிலியர் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, படுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "தூங்கிவிட்டால் மூச்சு நின்றுவிடும் அம்மா. முழித்திருந்தால் நானே இழுத்துக்கொள்வேன்" என்றார்.

அவ்வளவு நாளும் அவர் தன் மூச்சுக்குத் தானே காவல் இருந்திருக்கிறார். மறுநாள் வந்த மருத்துவர் அவரிடம் ஒளிக்காமல் பேசினார். தூக்கத்திலும் மூளை மூச்சை நடத்திக்கொண்டுதான் இருக்கும் என்றார். இந்த நோயின் முடிவில் பெரும்பாலும் தூக்கம் கூடிக்கொண்டே போய் நினைவு மங்கும் என்றார். திணறல் கடுமையானால் அதைத் தணிக்க மருந்து இருக்கிறது, அதை எப்போது எப்படிக் கொடுப்பது என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவோம் என்றார். "அடைத்துக்கொண்டு தவிக்க விடமாட்டீர்களே?" என்றார் பெரியப்பா. "விடமாட்டோம்." அதற்குப் பிறகும் மூச்சுத்திணறல் இருந்தது. ஆனால் அவர் தலையணைகளை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்தார், தூங்கவும் செய்தார். நுரையீரலில் எந்த மாற்றமும் இல்லை.

இதோடு கைக்குள் அடங்கும் பேட்டரி விசிறி ஒன்றையும் கொடுத்தார்கள். எனக்கு அது ஏமாற்று வேலை போலத் தோன்றியது. ஆனால் மூக்கு, கன்னம், மேலுதடு ஆகியவற்றில் குளிர்ந்த காற்று படும்போது, முகத்தின் உணர்வு நரம்பு வழியே போகும் செய்தி மூச்சுத்திணறல் என்ற உணர்வையே குறைக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஆக்சிஜன் அளவு போதுமானதாக இருந்தும் திணறுகிறவருக்கு, சிலிண்டரைவிட இந்த விசிறி சில நேரம் நன்றாக வேலை செய்யும். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும், மிகக் குறைந்த அளவில், சிலருக்குத் திணறலைத் தணிக்கும், எல்லாருக்கும் அல்ல. பெரியப்பாவுக்குத் தணித்தது.

மார்ஃபின் என்ற சொல் விழுந்ததும் வீட்டில் எழும் பேச்சைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லியே ஆக வேண்டும். போதைக்கு அடிமையாகிவிடுவார், அது சாகடிக்கும் மருந்து, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு எதுவும் கேட்காது. நான்கும் நான்கு விதத்தில் தவறு.

வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை. ஆயுளைக் குறைப்பதாகவும் ஆதாரமில்லை. உடம்பு அதற்குப் பழகும், ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. புற்றுநோய் வலிக்கு அதில் ‘இதற்குமேல் கிடையாது’ என்ற உச்ச வரம்பு இல்லை. வலி ஏறினால் அளவையும் ஏற்றலாம், ஆகவே சேமித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. 1986-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிமுறையின் சாரம் எளிமையானது: முடிந்தவரை வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு, வலியின் கடுமைக்கு ஏற்ற மருந்தைக் கொடு. இதில் வீட்டார் கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். உடனடியாக வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம். வலி வந்து அவர் கேட்டபிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால், வலி மேலேறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை இறக்க அதிக மருந்து வேண்டும். வலி இல்லாத நேரத்திலும் மணி அடித்தால் மாத்திரை கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் அதற்கென்று தனியாக ஒரு கூடுதல் அளவு எழுதித் தந்திருப்பார்கள்.

பக்கவிளைவுகளில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எங்கள் செவிலியர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுப்பார்: நேரம், மருந்து, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண், பிறகு ‘மலம் போனதா’ என்று ஒரு பத்தி. முதல் வாரத்தில் அந்தக் கடைசிப் பத்தியைக் கூச்சப்பட்டுக் காலியாக விட்டுவிடுவார்கள். அவர் நோட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள் அல்லது ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். நரம்பு வலிக்கு, எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற சுளீர் என்பதற்கெல்லாம், மார்ஃபின் மட்டும் போதாது. வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் சேர வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைப் பல நேரங்களில் ஒரே ஒருமுறை கொடுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையே வெகுவாகக் குறைத்துவிடும். இதையெல்லாம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்; இதை வைத்து நீங்களே மருந்தை மாற்றிக்கொள்வதற்காக அல்ல.

உலகம் முழுவதற்கும் மார்ஃபின் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை என்பது இன்னொரு கொடுமை. 2017-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, மார்ஃபினுக்கு ஈடாகக் கணக்கிட்ட ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்துகளாக உலகில் ஆண்டுக்கு விநியோகமானது 298.5 மெட்ரிக் டன். அதில் மிக ஏழ்மையான நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன். விலை மலிவான, காப்புரிமை எதுவும் இல்லாத ஒரு மருந்தின் நிலை இது. ஆண்டுதோறும் சுமார் 5.68 கோடிப் பேருக்குத் தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது 14 சதவீதத்தினருக்குத்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, எப்போது கூப்பிடுவது? நோயைப் பொறுத்தது. புற்றுநோயில் பெரும்பாலும் ஓரளவு நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ சரசரவென்று இறங்கும். இதய, நுரையீரல் நோய்களில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் சேர்த்து, பிழைத்து வீட்டுக்கு வருவார். ஆனால் முன்பிருந்த உயரத்துக்கு வரமாட்டார். ஒவ்வொரு முறையும் பிழைத்ததால் அடுத்த முறையும் பிழைப்பார் என்றே வீட்டார் நம்புவார்கள். அதனால் இந்த வகையில்தான் கூப்பிடுவது மிகவும் தாமதமாகிறது. மறதிநோயிலும் முதுமைத் தளர்ச்சியிலும் இறக்கம் பல ஆண்டுகள் நீளும். மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த நோயாளி ஓராண்டுக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" ஆச்சரியமாக இருக்காது என்றால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டாரும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். என்ன, சத்தமாகக் கேட்க மாட்டோம்.

சத்தமாகப் பேசுவதில்தான் எல்லாச் சிக்கலும். நாங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகனோ மகளோ ஓடிவந்து, "அப்பாவுக்கு எதுவும் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்பார்கள். உள்ளே போனால் அப்பா, "பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்கள்" என்பார். இரண்டு தரப்பும் காதும் காதும் வைத்தாற்போல ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருப்பார்கள். அனுபவமுள்ள மருத்துவர் எடுத்த எடுப்பில் எதையும் போட்டு உடைப்பதில்லை. முதலில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்பார். பிறகு, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்பார். "எல்லாவற்றையும் என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முறையான பதில்தான். பலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோலப் பேசத் தொடங்குவார்கள்.

"எத்தனை நாள்?" என்ற கேள்வியை நான் அவ்வளவு மதிப்பதில்லை. மருத்துவர்களின் கணிப்பு பெரும்பாலும் பிசகும். அதுவும் நம்பிக்கையின் பக்கமாகவே பிசகும் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ‘நாட்களா, வாரங்களா, மாதங்களா’ என்ற அளவுக்குக் கேட்டுக்கொண்டால் போதும். அதைவிடப் பயனுள்ளவை வேறு: உங்களுக்கு எது முக்கியம்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? எதைப் பொறுத்துக்கொள்வீர்கள், எதை மாட்டீர்கள்? இந்தப் பதில்களிலிருந்துதான் பெரிய முடிவுகள் வர வேண்டும். இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டுமா? முற்றிய நோயில் மார்பை அழுத்தி மீட்பது அபூர்வமாகவே பலன் தரும், விலா எலும்பு முறிவதோ சகஜம். இதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே பேசி, எழுதி, அந்தந்த நாட்டுச் சட்டம் கேட்கும் முறையில் கையெழுத்து வாங்கி, யார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும். பீரோவுக்குள் பூட்டி வைத்த காகிதத்தை நள்ளிரவில் ஆம்புலன்ஸ்காரர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

உணவைப் பற்றிய சண்டை இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. "ஒரு வாய் சாப்பிட்டால் தெம்பு வரும்" என்று ஸ்பூனோடு நிற்பார்கள். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி போய்விடுகிறது. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. இந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பல நேரங்களில் அது கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் மாறும். வாய் உலர்ந்து போவதுதான் உண்மையான தொல்லை. அதற்கு ஈரப்பஞ்சால் நாக்கையும் ஈறையும் அடிக்கடி நனைக்க வேண்டும். உதட்டுக்குப் பூச ஏதாவது வேண்டும். ஊட்டிவிட முடியாமல் தவித்த பெரியம்மாவிடம் செவிலியர் அந்தப் பஞ்சைக் கொடுத்து, எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், எவ்வளவு ஈரம் போதும், எங்கே தொட்டால் குமட்டும் என்று காட்டினார். பெரியம்மா அதைக் கணக்காகச் செய்தார். ஊட்டிக்கொண்டிருந்த கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கடைசி நாட்களின் அறிகுறிகளை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்ல குழுவுக்கு அடையாளம். கைகால் குளிர்ந்து தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமெடுத்து, பிறகு குறைந்து, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவர்களால் அதைக் கேட்டுத் தாங்க முடியாது. மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு அது துன்பமாக இருப்பதாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் குறையும். சுரப்பைக் குறைக்கும் மருந்தும் உண்டு. விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து, சிறிய பம்ப் வழியாக நாள் முழுவதும் சீராக மருந்து செலுத்தலாம். கனடாவில் ஹாஸ்பிஸ் நோயாளிகளை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பதில் சொல்லாத நிலையில் இருந்த சிலரின் மூளை அப்போதும் ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதைப் பதிவு செய்தது. சொற்களின் பொருள் புரிந்ததா என்பது வேறு கேள்வி. ஆனாலும் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்றுகொண்டு சொத்துக் கணக்குப் பேசாமல் இருப்பது நல்லது.

இந்தச் சேவையை நான் பெரிதாகப் புகழ்ந்துவிட்டதாகத் தோன்றலாம். இதற்கும் குறைகள் உண்டு. வீட்டுக்கு வரும் குழு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்காது. இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பவர் நீங்கள்தான். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது நீங்கள்தான். பார்த்துக்கொள்பவரின் முதுகும் தூக்கமும் வேலையும் இதில் கரையும். அவர் இரண்டொரு நாள் ஓய்வெடுக்க நோயாளியைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். எல்லா வலியும் அடங்கிவிடும் என்பதும் இல்லை. எதற்கும் அடங்காத வேதனைக்கு, கடைசி நாட்களில் நோயாளியின் அல்லது வீட்டாரின் ஒப்புதலோடு ஆழ்ந்த தூக்கத்தில் வைக்கும் முறை உண்டு. அது உயிரை முடிப்பதற்காகச் செய்வதல்ல. வேதனை தெரியாமல் இருப்பதற்காகச் செய்வது. சில வீடுகளில் தனி அறை இருக்காது, சில வீடுகளில் பார்த்துக்கொள்ள ஆளே இருக்காது. வீட்டில் இறப்பதுதான் நல்ல மரணம் என்று பிடிவாதமாகச் சொல்பவர்கள் அந்த வீடுகளைப் பார்த்ததில்லை.

இறப்போடு சேவை முடிந்துவிடக் கூடாது. பெரியப்பா போன பிறகு செவிலியர் மறுபடி வந்தார். மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டார். பிறகு பெரியம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அவருடைய மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னால், அட்டைகள் அப்படியே பிரிக்காமல் இருந்தன.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது "சரி, வரச் சொல்லுங்கள்" என்று சொன்னால், குழு வருவதற்கு முன் அவர்கள் எங்களிடமே கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுவேன். எங்கள் குழு என்றில்லை, எந்தக் குழுவானாலும் இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். உங்கள் மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுப்பாரா, அது கையிருப்பில் இருக்கிறதா? அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள்? நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தினால்தான் சேர்ப்பீர்களா? கட்டில், ஆக்சிஜன் போன்றவற்றை யார் தருவார்கள், செலவு யாருடையது? எங்கள் பழைய மருத்துவரோடு நீங்கள் பேசுவீர்களா, நாங்கள்தான் காகிதங்களைச் சுமந்துகொண்டு அலைய வேண்டுமா?

கூடவே, இரவு இரண்டு மணிக்கு இந்த எண்ணை அழைத்தால் யார் எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள். நோயாளியின் பெயரைச் சொன்னதும் அவருடைய மருந்துப் பட்டியலை எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு செவிலியர் எடுப்பார் என்றால், அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள்.